மாத்திரைக்கு முன் மூன்று நாள் கணக்கு: ஆண்களின் சிறுநீர்த் தொல்லைக்கு ஒரு வழிகாட்டி

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்து ஒண்ணுக்குப் போகிறார் என்று சொன்னால், வடசென்னையில் வண்ணாரப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை எந்தத் தெருவிலும் உடனே வரும் பதில் "புரோஸ்டேட்டா இருக்கும்" (ஆண்களுக்குச் சிறுநீர்ப்பைக்குக் கீழே சிறுநீர்க் குழாயைச் சுற்றியிருக்கும் சுரப்பி). பக்கத்து வீட்டுக்காரரின் மாத்திரை அட்டையைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதே மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. பலருக்கு அது தேவையில்லாத மாத்திரை. ராத்திரி எழுந்திருப்பதற்குக் கட்டுப்படாத சர்க்கரை, கால் வீக்கம், பி.பி. மாத்திரை, மாலை நேர டீ, குறட்டை, சிறுநீர்ப்பையின் அவசரம் என்று எத்தனையோ காரணங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் வைத்தியம் வேறு. எது உங்களுடையது என்று பிரித்துக் காட்ட முதலில் தேவைப்படுவது ஓர் அளவுக் குவளை, ஒரு நோட்டு, மூன்று நாள்.

அதற்கு முன், கணக்கெழுதக் காத்திருக்கவே கூடாத சில நிலைகளைச் சொல்லிவிடுகிறோம்.

உடனே கிளம்ப வேண்டியவை

முட்டிக்கொண்டு வருகிறது, ஆனால் ஒரு சொட்டும் இறங்கவில்லை, அடிவயிறு கல்லாக இருக்கிறது என்றால் அது நீரடைப்பு. வெந்நீர் ஊற்றிப் பார்ப்பது, குழாயைத் திறந்துவிட்டுச் சத்தம் கேட்பது எல்லாம் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். 'நிறைய தண்ணீர் குடி, வந்துவிடும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வெளியே வழியில்லாத பையில் மேலும் நீர் சேரும், அவ்வளவுதான். 108-ஐ அழையுங்கள், அல்லது ஆட்டோ பிடித்து அருகிலுள்ள அவசரப் பிரிவுக்குப் போங்கள். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டைப் பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை கிட்டத்தில் இருக்கிறது. அங்கே சிறுநீரியல் (யூராலஜி) துறையும் உண்டு. சிறுநீர் வழியாகப் பைக்குள் டியூப் போட்டதும் சில நிமிடங்களில் வலி அடங்கும்.

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சலும் சிறுநீர்க் கடுப்பும் சேர்ந்து வந்தால், கிருமி சிறுநீரகத்துக்கோ புரோஸ்டேட்டுக்கோ ஏறியிருக்கலாம், ரத்தத்திலும் கலந்திருக்கலாம். விலாப்பக்கம் கல்லடைப்பு வலியோடு காய்ச்சல் வந்தால் அதுவும் இதே அவசரம். மறுநாள் ஓ.பி. சீட்டுக்குக் காத்திருக்க வேண்டாம்.

சிறுநீரில் ரத்தம் கண்ணுக்குத் தெரிந்தால், அது ஒரே ஒரு தடவைதான் என்றாலும், வலியே இல்லை என்றாலும், தானாக நின்றுவிட்டது என்றாலும், அந்த வாரத்துக்குள் யூராலஜி மருத்துவரைப் பாருங்கள். வலியில்லாத ரத்தம்தான் அதிகம் கவலைப்பட வேண்டியது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் அப்படித்தான் முதலில் தலைகாட்டும்; பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அதற்கான வாய்ப்பு கூடுதல். 'உடம்பு சூடு' என்று இளநீர் குடித்துவிட்டு, ரத்தம் நின்றதும் மறந்துபோகிறார்கள். பல மாதம் கழித்து அது திரும்பி வரும்போது நோய் ஆழமாகப் போயிருக்கும். ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் 'மாத்திரையால்தான்' என்று விட்டுவிடக் கூடாது.

வயதானவர் புதிதாகப் படுக்கையை நனைக்கிறார், வலி எதுவும் சொல்லவில்லை, ஆனால் அடிவயிறு மட்டும் உப்பியிருக்கிறது. இதை மூப்பின் கோளாறு என்று வீட்டில் விட்டுவிடுகிறார்கள். பை நிரம்பி வழிகிற நிலை இது. சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுக்கும். ஸ்கேனும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் அன்றைக்கே எடுக்க வேண்டும். முதுகு வலியோடு கால் பலவீனம், தொடையிடுக்கில் மரத்துப்போதல், அதோடு நீர் பிரியாமை என்று வந்தால் அது முதுகுத்தண்டு நரம்பின் அவசரம். அதற்கு மணிக்கணக்கில்கூடத் தாமதம் ஆகாது.

குவளை, நோட்டு, கடிகாரம்

ஓர் அளவுக் குவளை வேண்டும். பாத்திரக் கடையில் கிடைக்கும் அரை லிட்டர் பிளாஸ்டிக் குவளை போதும். இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டியெடுத்துவிட்டு, குழந்தைக்குப் பால் கொடுக்கும் பாட்டிலில் 50 மி.லி. தண்ணீர் அளந்து அளந்து ஊற்றி, ஒவ்வொரு தடவையும் அழியாத மார்க்கரால் கோடு போடுங்கள். பத்துக் கோடு போட்டால் 500 மி.லி. ஆயிற்று. பொதுக் கழிப்பறையைப் பயன்படுத்தும் வீடுகளில் இதை மூடியுள்ள சின்ன வாளியில் வைத்து எடுத்துப்போகலாம்.

நோட்டில் நான்கு பத்தி: மணி, குடித்த அளவும் பொருளும், போன அளவு, குறிப்பு. குறிப்பில் 'அவசரம்', 'கசிந்தது', 'முக்கிப் போனேன்', 'விட்டுவிட்டு வந்தது' என்று ஓரிரு சொல் போதும். எப்போது படுத்தீர்கள், எப்போது எழுந்தீர்கள் என்பதை மறக்காமல் எழுதுங்கள். அது இல்லாவிட்டால் ராத்திரிக் கணக்கே போடமுடியாது. மூன்று நாளும் தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒரு வேலை நாளும் ஒரு வீட்டு நாளும் அதில் இருப்பது நல்லது. கணக்கெழுதுகிறோம் என்பதற்காக அதிகம் குடிப்பதோ குறைப்பதோ வேண்டாம். வழக்கம் என்னவோ அதுதான் தேவை.

பலரும் தவறுவது ஓர் இடத்தில். முதல் நாள் காலை எழுந்ததும் போகிற நீர் முந்தைய இரவுடையது; அதை முதல் நாள் கணக்கில் சேர்க்கக் கூடாது. அதற்குப் பிறகு தொடங்கி, மறுநாள் காலை எழுந்ததும் போவது வரை ஒரு நாள். அந்த மறுநாள் காலை அளவு 'ராத்திரி நீர்' கணக்கில் சேரும். ஆனால் 'ராத்திரி எத்தனை தடவை எழுந்தேன்' என்பதில் சேராது.

ஒருநாள் மட்டும் நேரத்தையும் பாருங்கள். 200 மி.லி. போக எத்தனை விநாடி ஆகிறது? 10 முதல் 15 விநாடியில் முடிந்தால் ஓட்டம் நன்றாக இருக்கிறது. 35, 40 விநாடிக்கு மேல் இழுத்தால் வழியில் தடை இருக்கலாம், அல்லது பைக்குத் தள்ளும் வலு குறைந்திருக்கலாம். இரண்டில் எது என்று வீட்டில் தெரியாது.

கணக்கைப் படிப்பது

முதலில் 24 மணி நேர மொத்தம். பெரும்பாலோருக்கு இது ஒன்றரை முதல் இரண்டு லிட்டருக்குள் இருக்கும். உங்கள் எடையை 40-ஆல் பெருக்குங்கள். 65 கிலோ என்றால் 2,600 மி.லி. அதற்கு மேல் போனால் உடம்பு அளவுக்கு மீறி நீரை வெளியேற்றுகிறது. அங்கே புரோஸ்டேட்டைத் தேடுவதில் பயனில்லை. முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரையை. அல்லது யாரோ சொன்னார்கள் என்று நான்கு ஐந்து லிட்டர் தண்ணீர் குடிக்கிறீர்கள். சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அந்த மாத்திரையே சர்க்கரையைச் சிறுநீரில் இறக்குவதால் நீரும் கூடப் போகும். ஆண்குறி நுனியில் அரிப்பும் பூஞ்சையும் வரலாம். அது இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நல்லது செய்யும் மாத்திரை. நீங்களாக நிறுத்தாதீர்கள். அது ஆரம்பித்த தேதியையும் தொல்லை ஆரம்பித்த தேதியையும் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள்.

அடுத்து ராத்திரிப் பங்கு. எடுத்துக்காட்டாக, 68 வயதான ஒருவர் பத்து மணிக்குப் படுத்து ஆறு மணிக்கு எழுகிறார். பன்னிரண்டேகாலுக்கு 320, இரண்டரைக்கு 290, நாலரைக்கு 270, காலை எழுந்ததும் 220. ஆக 1,100 மி.லி. பகல் முழுதும் சேர்த்து 900. மொத்தம் 2,000-இல் ராத்திரிப் பங்கு 55 சதவீதம். 65 வயது கடந்தவருக்கு இது மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு தடவையும் 300 மி.லி. அளவில் போகிறது என்றால் பை நன்றாகத்தான் பிடித்துவைக்கிறது. ராத்திரியில் நீர் உற்பத்திதான் அதிகம். இவருக்குப் புரோஸ்டேட் மாத்திரை கொடுத்தால் தலைச்சுற்றல்தான் மிஞ்சும்.

அதே மூன்று தடவை எழுகிற இன்னொருவர். ராத்திரி அளவுகள் 80, 100, 90, காலையில் 110. மொத்தம் 1,400-இல் ராத்திரிப் பங்கு 380. உற்பத்தி சரி. ஆனால் பை கொஞ்சம் கொஞ்சமாகவே விடுகிறது, அல்லது கொஞ்சம் சேர்ந்ததுமே பொறுக்காமல் துடிக்கிறது. புரோஸ்டேட், சிறுநீர்ப்பை, கிருமித்தொற்று ஆகிய மூன்றையும் இங்கேதான் பார்க்க வேண்டும். குறிப்புப் பத்தியில் 'முக்கினேன், விட்டுவிட்டு வந்தது, மிச்சம் இருக்கிற மாதிரி' என்று இருந்தால் சந்தேகம் புரோஸ்டேட் பக்கம். 'அடக்க முடியவில்லை, வாசலுக்குள் வருவதற்குள் கசிந்தது' என்றிருந்தால் பையின் அவசரம். இரண்டும் சேர்ந்து இருப்பவர்களும் நிறைய.

மாத்திரை இல்லாமல் செய்யக்கூடியவை

ராத்திரி நீர் அதிகமானவருக்கு முதலில் கால்களைப் பாருங்கள். நாள் முழுக்கக் கடையில் நிற்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், பி.பி.க்கு அம்லோடிபின் சாப்பிடுகிறவர் ஆகியோருக்குச் சாயங்காலம் கணுக்கால் வீங்கும். கால்களில் தேங்கிய அந்த நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, சிறுநீராகிறது. பிற்பகலில் ஒரு மணி நேரம் காலைத் தலையணைமேல் உயர்த்திப் படுத்தால் அந்த நீரில் ஒரு பகுதி பகலிலேயே போய்விடும். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை எந்த வேளையில் போடுவது என்று மருத்துவரைக் கேளுங்கள். படுப்பதற்கு ஆறு மணி நேரத்துக்கு உள்ளே போட்டால் தூக்கம் போகும். இரவு உணவில் கருவாடு, ஊறுகாய், அப்பளம் குறைவது நல்லது, உப்பு நீரைக் கூடவே இழுக்கும். பலத்த குறட்டையும் நடுவில் மூச்சு நின்று திணறுவதும் இருந்தால் அதைச் சொல்லுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைப்படுவதும் ராத்திரி நீரை அதிகமாக்கும். இது பலருக்கும் தெரியாததால் கேட்டாலொழிய யாரும் சொல்வதில்லை.

அவசரம் உள்ளவருக்கு முதல் எதிரி டீ. காலையிலிருந்து மாலைவரை ஏழெட்டு கிளாஸ் குடிப்பவர் இரண்டு வாரத்துக்கு இரண்டாகக் குறைத்துப் பாருங்கள். கடைசி டீ மாலை நான்கு மணிக்கு. ஒரேயடியாக நிறுத்தினால் தலைவலி வரும், படிப்படியாகக் குறையுங்கள். பிறகு பைக்குப் பழக்கம் கொடுப்பது. கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போகிறீர்கள் என்றால் அதை ஒன்றேகால் மணியாக்குங்கள். அவசரம் வந்ததும் ஓடாதீர்கள். நின்று, ஆசனவாயை உள்ளிழுத்து இறுக்கி ஐந்தாறு தடவை விட்டுவிட்டுச் செய்தால் அலை தணியும், அதன் பிறகு நடந்து போங்கள். வாரத்துக்குக் கால் மணி நேரம் கூட்டி, மூன்று மணி நேரம்வரை கொண்டுவரலாம். ஆறு வாரம் கொடுக்காமல் பலன் இல்லை என்று முடிவுகட்டாதீர்கள்.

அந்தத் தசைப் பயிற்சியைத் தனியாகவும் செய்யலாம்: காற்று பிரிவதை அடக்குவது போல இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து, ஐந்து விநாடி விட்டு, பத்து தடவை. நாளுக்கு மூன்று வேளை, மூன்று மாதம். வயிற்றையும் பிட்டத்தையும் இறுக்கி மூச்சைப் பிடித்துச் செய்தால் வீண். சிறுநீர் போய்க்கொண்டிருக்கும்போது நிறுத்தி நிறுத்திப் பழகவும் கூடாது.

போய்விட்டு வேட்டியைச் சரிசெய்ததும் சில சொட்டுக் கசிந்து நனைகிறதே என்று வெட்கப்பட்டு வெளியே வராதவர்கள் உண்டு. அது பையிலிருந்து வருவதில்லை, குழாயின் வளைவில் தங்கிய மிச்சம். போய் முடித்ததும் விதைப்பைக்குப் பின்னால் விரல்களை வைத்து மேல்நோக்கி அழுத்தி, முன்பக்கமாகத் தடவிக் கொண்டுவாருங்கள். அந்த மிச்சம் வெளியே வந்துவிடும். நீர் முழுதாக இறங்காதவர்கள் உட்கார்ந்து போங்கள்; முடிந்ததும் ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி முயலுங்கள். மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிசெய்யுங்கள், நிறைந்த மலக்குடல் சிறுநீர் வழியை அழுத்தும்.

வடசென்னைக்கென்றே ஒரு விஷயம். துறைமுக வாசலுக்காக வரிசையில் மணிக்கணக்கில் நிற்கும் டிரெய்லர் ஓட்டுநர்கள், காசிமேட்டில் விடியற்காலையிலிருந்து மீன் விற்கும் பெண்கள், மூலக்கொத்தளம், மிண்ட் பக்கம் சுமை தூக்குகிறவர்கள் என எல்லோரும் கழிப்பறை கிடைக்காது என்பதால் தண்ணீரைக் குறைக்கிறார்கள். எப்போதாவது ஒரு நாள் அடக்கிவைப்பதால் பை கெட்டுவிடாது. அதையே வழக்கமாக்கினால், அதுவும் மே மாத வெயிலில், கல்லும் கிருமித்தொற்றும் திரும்பத் திரும்ப வரும். பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் சுமார் 4 செ.மீ.தான், ஆண்களுக்கு 20 செ.மீ. கிட்டத்தட்ட. கிருமிக்கு அங்கே தூரம் குறைவு. தண்ணீரை நிறுத்துவதற்குப் பதில் நேரத்தை மாற்றுங்கள்: கிளம்பும் முன் அரை லிட்டர் குடித்து, ஒரு மணி நேரத்தில் போய்விட்டுப் புறப்படுங்கள், நடுவில் வாய் நனையும் அளவு, வசதி கிடைத்ததும் மறுபடி அரை லிட்டர். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும். கல் வந்தவர்கள் மட்டும் நாளொன்றுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போகும் அளவுக்குக் குடிக்க வேண்டும்.

மருத்துவமனையில்

நோட்டோடு, இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். சளிக்கு வாங்கிய மாத்திரையும் அதில் இருக்கட்டும். மருத்துவர் ஏழு கேள்வி கேட்டு மதிப்பெண் போடுவார்: மிச்சம் இருக்கும் உணர்வு, இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி போவது, விட்டுவிட்டு வருவது, அடக்க முடியாமை, மெலிந்த ஓட்டம், முக்குவது, ராத்திரி எழுவது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. மொத்தம் 7 வரை லேசானது, 8 முதல் 19 நடுத்தரம், 20-உம் அதற்கு மேலும் கடுமை. மதிப்பெண் லேசாக இருந்து, உங்களுக்கும் பெரிய தொந்தரவு இல்லை என்றால் மருந்தே வேண்டாம்.

ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு மூன்று நான்கு டம்ளர் தண்ணீர் குடித்தால் போதும். ஸ்கேன் சென்டரில் 'நல்லா முட்டட்டும்' என்று இரண்டு லிட்டர் குடிக்கவைத்து உட்காரவைப்பார்கள். அளவுக்கு மீறி விரிந்த பை சுருங்க மறுக்கும். போனபின்னும் பையில் 'மிச்சம் 250 மி.லி.' என்று ரிப்போர்ட் வரும். அதை வைத்து ஆபரேஷன் பேச்சும் தொடங்கும். சாதாரணமாக முட்டியதும் சொல்லிவிடுங்கள். நிதானமாகப் போய்விட்டு வந்த பத்து நிமிடத்துக்குள் மிச்ச அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். 50 மி.லி.க்குள் இருந்தால் நல்லது. அதிகமாக வந்தால் இன்னொரு நாள் மறுபடி பார்த்தபின்தான் நம்ப வேண்டும். ஓட்ட வேகத்தை அளக்கும் யூரோஃப்ளோ சோதனைக்கும் இதே விதி, 150 மி.லி.க்குக் குறைவாகப் போனால் அந்த வரைபடம் செல்லாது. உச்ச வேகம் விநாடிக்கு 15 மி.லி.க்கு மேல் என்றால் தடைக்கு வாய்ப்பு குறைவு, 10-க்குக் கீழே என்றால் அதிகம்.

ரிப்போர்ட்டில் 'புரோஸ்டேட் 45 கிராம்' என்று பார்த்துப் பயப்படாதீர்கள். இளவயதில் 20 கிராம் அளவில் இருப்பது வயதோடு வளரும். சிலருக்கு 80 கிராம் இருந்தும் தடங்கல் இல்லை. சிலருக்கு 30 கிராமிலேயே அடைக்கும். எந்தப் பக்கம் வளர்ந்தது என்பதுதான் கேள்வி.

புரோஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளக்கும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை புற்றுநோயை மட்டும் காட்டுவதில்லை. கிருமித்தொற்று, நீரடைப்பு, டியூப் போட்டது ஆகியவற்றாலும் ஏறும். தொற்று வந்திருந்தால் ஆறு வாரம் கழித்து எடுங்கள். முந்தைய இரண்டு நாள் உடலுறவு வேண்டாம். ஃபினாஸ்டிரைடு, டூட்டாஸ்டிரைடு ஆறு மாதமாகச் சாப்பிடுகிறவருக்கு பி.எஸ்.ஏ. பாதியாகக் குறைந்திருக்கும், வந்த எண்ணை இரண்டால் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். இந்த மாத்திரையைச் சொல்லாமல் விட்டதால் 3 என்று வந்ததைச் சரி என்று எண்ணிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அது உண்மையில் 6. தொடக்கத்தில் புரோஸ்டேட் புற்றுநோய்க்கு அறிகுறியே இராது. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ வந்திருந்தால் 45 வயதிலேயே மருத்துவரிடம் பேசுங்கள்.

மாத்திரைகள்

டாம்சுலோசின் 0.4 மி.கி., சைலோடோசின் 8 மி.கி., அல்ஃபுசோசின் 10 மி.கி. ஆகியவை வழியைச் சுற்றியுள்ள தசையைத் தளர்த்தும். சில நாளிலேயே ஓட்டம் மாறும். முழுப் பலனுக்கு இரண்டு முதல் நான்கு வாரம். நாளுக்கு ஒன்று, சாப்பாட்டுக்குப் பிறகு, தினமும் அதே வேளையில். கடித்தோ பிரித்தோ போடாதீர்கள். முதல் சில நாள் படுக்கையிலிருந்து எழும்போது ஒரு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். இருட்டில் கழிப்பறைக்குப் போகும் வழியில் விழுந்து இடுப்பு எலும்பு முறிவது இந்த மாத்திரைகளின் பெரிய ஆபத்து. பி.பி.க்கு ஏற்கெனவே பிரசோசின் சாப்பிடுகிறவர்கள் கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் இதே வகை. விந்து குறைவாகவோ வராமலோ போகலாம். அதனால் கெடுதல் இல்லை, நிறுத்தினால் திரும்பும். கண்புரை ஆபரேஷன் திட்டமிட்டிருந்தால், இந்த மாத்திரை சாப்பிடுகிறேன், அல்லது முன்பு சாப்பிட்டேன் என்று கண் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்மணிச் சுற்றுத் தசையும் தளர்வதால் ஆபரேஷனில் சிக்கல் வரும். முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துவிடுவார்கள்.

ஃபினாஸ்டிரைடு 5 மி.கி., டூட்டாஸ்டிரைடு 0.5 மி.கி. ஆகிய இரண்டும் சுரப்பியையே சுருக்கும். பெரிய புரோஸ்டேட் உள்ளவர்களுக்குத்தான் பயன், பலன் தெரிய ஆறு மாதம் ஆகும். ஒரே மாதத்தில் 'வேலை செய்யலை' என்று நிறுத்துவது பணத்தை வீணாக்குவது. ஆசை குறைவது சிலருக்கு நேரும். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் உடைந்த மாத்திரையை அவர் தொடக் கூடாது.

அவசரத்துக்குத் தருவது சாலிஃபெனசின், டோல்டெரோடின், மிராபெக்ரான். முதல் இரண்டும் வாயை உலர்த்தும், மலத்தைக் கட்டும், முதியவர்களைக் குழப்பும். மிச்சநீர் எவ்வளவு என்று பார்க்காமல் ஆரம்பித்தால் நீரடைப்பில் கொண்டுபோய் விடலாம். மிராபெக்ரானுக்கு பி.பி. பார்த்துக்கொள்ள வேண்டும். டாடலாஃபில் 5 மி.கி. புரோஸ்டேட் தொல்லைக்கும் தருவார்கள். ஆனால் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரை, ஐசோசார்பைடு வகை சாப்பிடுகிறவர்கள் அதைத் தொடவே கூடாது, பி.பி. உயிருக்கு ஆபத்தாக இறங்கும்.

புரோஸ்டேட் பெரிதானவர்கள் மெடிக்கல் ஷாப்பில் சளி மாத்திரை கேட்கும்போது இரண்டு பெயரைப் பாருங்கள்: குளோர்ஃபெனிரமின், ஃபினைலெஃப்ரின். பல சளி மாத்திரைகளிலும் இருமல் சிரப்களிலும் இவை கலந்திருக்கும். ஒன்று பையைச் சோர்வாக்கும், மற்றது வழியை இறுக்கும். மழைக்காலச் சளிக்கு இரண்டு நாள் சாப்பிட்டுவிட்டு மூன்றாம் நாள் நீரடைப்போடு வருவது அடிக்கடி நடப்பது. வயிற்று வலிக்கான டைசைக்ளோமின், தூக்கத்துக்கும் நரம்பு வலிக்கும் தரும் அமிட்ரிப்டிலின் ஆகியவையும் இதே பட்டியல். மது இதோடு சேர்ந்தால் நிச்சயம் தொல்லை.

டியூப்போடு வீட்டுக்கு வந்தால்

நீரடைப்புக்குப் பிறகு சில நாள் டியூப் வைத்து, கூடவே டாம்சுலோசின் வகை கொடுத்து, பிறகு டியூபை எடுத்துப் பார்ப்பார்கள். எடுக்கும் நாள் காலையிலேயே போங்கள்; எடுத்ததும் வழக்கம் போலக் குடித்து, போகும் அளவை எழுதுங்கள். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் வரவில்லை என்றால் வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே சொல்லுங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவருக்கு: கை கழுவாமல் தொடாதீர்கள். யூரின் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். கட்டிலின் சட்டத்தில் தொங்கவிடுங்கள். பாயில் படுப்பவர் என்றால் சுத்தமான வாளிக்குள் வையுங்கள். ஆட்டோவில் போகும்போது பையை மடியில் தூக்கி வைக்கிறார்கள், பழைய நீர் திரும்பி உள்ளே போகும். மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் கீழ்த் திருகைத் திறந்து காலி செய்யுங்கள். டியூபும் பையும் சேரும் இடத்தைக் கழற்றாதீர்கள். டியூபைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு லேசான தளர்வோடு ஒட்டுங்கள். இழுபட்டால் உள்ளே இருக்கும் பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தைக் கிழிக்கும். தினமும் ஒரு தடவை சோப்பும் தண்ணீரும் கொண்டு நுனியைச் சுத்தம் செய்து, பின்னுக்குத் தள்ளிய முன்தோலை மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மறந்தால் தோல் இறுகி வீங்கி, அதுவே ஓர் அவசரமாகிவிடும். டெட்டால் ஊற்ற வேண்டாம்.

பையில் நான்கு மணி நேரமாக நீர் இறங்கவில்லை என்றால் டியூப் மடிந்திருக்கிறதா, உடம்புக்கடியில் சிக்கியிருக்கிறதா, பை உயரத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் வயிறு உப்பினால் அடைத்திருக்கிறது, மருத்துவமனைக்குப் போங்கள். பக்கவாட்டில் கசிந்தால், சிறுநீர்ப்பை பிடிப்பு எடுப்பதாலும் இருக்கலாம், மலச்சிக்கலாலும் இருக்கலாம். இன்னும் பெரிய டியூப் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், அது கசிவைக் கூட்டும். ரப்பர் டியூபை இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மாற்ற வேண்டும், முழு சிலிக்கான் என்றால் மூன்று மாதம் வரை தாங்கும். போட்ட தேதியையும் மாற்ற வேண்டிய தேதியையும் பையின் மேல் எழுதிவையுங்கள்.

டியூப் உள்ளவரின் சிறுநீரில் சில வாரத்தில் கிருமி வந்தே தீரும். காய்ச்சல் இல்லை, வலி இல்லை, குழப்பம் இல்லை என்றால் கல்ச்சர் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை) ரிப்போர்ட்டைப் பார்த்து ஆன்டிபயாடிக் போடக் கூடாது. அப்படிப் போட்டுப் போட்டு, உண்மையிலேயே காய்ச்சல் வரும் நாளில் எந்த மருந்தும் கேட்காத கிருமியைத்தான் வளர்த்துவைக்கிறோம்.

கடுப்பும் ஆன்டிபயாடிக்கும்

கல்ச்சருக்குச் சிறுநீரை ஆன்டிபயாடிக் தொடங்கும் முன்பே எடுக்க வேண்டும். நுனியைக் கழுவி, முதல் கொஞ்சம் விட்டுவிட்டு, நடுவில் வருவதைக் கிருமி நீக்கிய குப்பியில் பிடியுங்கள். மூடியின் உட்புறத்தில் விரல் படக் கூடாது. இரண்டு மணி நேரத்துக்குள் லேபுக்குப் போகவேண்டும், முடியாவிட்டால் ஃபிரிட்ஜில் வையுங்கள். வெயிலில் பைக் பெட்டியில் வைத்துக் கொண்டுபோன குப்பியில் கிருமி பெருகிப் பொய் ரிப்போர்ட் வரும்.

பெண்களுக்கு வரும் சாதாரணத் தொற்றுக்கு நைட்ரோஃபியூரான்டாயின் 100 மி.கி. இரண்டு வேளை ஐந்து நாள், சாப்பாட்டோடு. அல்லது ஃபாஸ்ஃபோமைசின் 3 கிராம் ஒரே தடவை என்று எழுதித் தருவார்கள். எரிச்சலுக்காகக் கொடுக்கும் சிட்ரேட் சிரப்பை நைட்ரோஃபியூரான்டாயினோடு சேர்க்க வேண்டாம்; சிறுநீரின் புளிப்பைக் குறைத்து அந்த மருந்தின் வேகத்தைக் கெடுக்கும். பார்லி தண்ணீரும் நீர்மோரும் குடிக்கலாம், எரிச்சல் தணியும், கிருமி சாகாது. ஆணுக்கு வரும் தொற்றை இப்படிச் சுருக்கமாக முடிக்க முடியாது: குறைந்தது ஏழு நாள், புரோஸ்டேட்டில் இருந்தால் வாரக்கணக்கில், பிறகு ஏன் வந்தது என்று ஸ்கேனும் வேண்டும்.

ஆபரேஷன்

மாத்திரையால் கேட்காதது, திரும்பத் திரும்ப அடைப்பு, தொற்று, ரத்தம், சிறுநீர்ப்பையில் கல், சிறுநீரகம் பாதிப்பு ஆகியவைதான் ஆபரேஷனுக்கான காரணங்கள். வெட்டில்லாமல் சிறுநீர் வழியாகவே கருவியை விட்டு உட்புறத்தைச் சுரண்டி எடுப்பது டி.யூ.ஆர்.பி.; பெரிய சுரப்பிக்கு லேசரால் செய்யும் ஹோலெப். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் அதையும் ரேஷன் கார்டையும் ஆதாரையும் முதல் நாளே எடுத்துப்போய், எந்தச் சிகிச்சை அதில் வரும் என்று மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் கேளுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் ஆகியவற்றை எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய மருத்துவர் சொல்ல வேண்டும். ஸ்டென்ட் வைத்தவர் தானாக நிறுத்தினால் மாரடைப்பு வரலாம்.

டியூப் பொதுவாக ஒன்று முதல் மூன்று நாளில் எடுக்கப்படும். அதன்பின் சில வாரம் எரிச்சலும் அவசரமும் இருக்கும், ஆபரேஷன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலோருக்கு விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போய்விடும். உணர்ச்சி இருக்கும், குழந்தை வேண்டும் என்று நினைப்பவர் முன்பே சொல்ல வேண்டும். ஆறு வாரம் தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர் தூக்கக் கூடாது, பைக் ஓட்டக் கூடாது, மலம் கழிக்க முக்கக் கூடாது. பத்து முதல் பதினான்கு நாளில் உள்ளே ஆறிய பொருக்கு உதிரும்போது சிறுநீர் மறுபடி சிவக்கலாம். ஓய்வெடுத்துத் தண்ணீர் கூடக் குடித்தால் ஓரிரு நாளில் தெளியும். கட்டி கட்டியாக வந்தாலோ, அடைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அதே மருத்துவமனைக்குத் திரும்பிப் போங்கள்.

சுரண்டி எடுத்த சதையை பயாப்ஸிக்கு அனுப்பியிருப்பார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது அந்த ரிப்போர்ட் வந்திருக்காது. அது கிடைக்கும் தேதியைக் கேட்டு எழுதிக்கொண்டு, நேரில் போய் வாங்கி மருத்துவரிடம் காட்டுங்கள். இந்த ஆபரேஷனில் சுரப்பியின் வெளிப்பகுதி அப்படியே இருக்கும், புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவதும் அங்கேதான், அதனால் பி.எஸ்.ஏ. பார்ப்பதை இத்தோடு நிறுத்தலாமா, தொடர வேண்டுமா என்பதையும் அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.